குறட்டைக்கு ஊசி

கல்யாணமாகி முதல் எட்டு மாதங்களில் என் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றி நான் குறை சொல்லாத இடமில்லை. பாடசாலையில் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொன்னேன். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம்கூடச் சொன்னேன். அந்த அம்மா இறங்கும்போது, ஜன்னலோரம் இருந்த என் வீட்டுக்காரரை முறைத்துவிட்டுப் போனார். அவர் அதற்கும் சிரித்தார்.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அவர் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் பெட்டிக்குள் போவது வரை பார்த்துக்கொள்கிற வேலை. நான் தோட்டத்துப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு. நடுச்சுவர் கூரையைத் தொடாது. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் வெளி. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தவர் தோட்டத்து மருந்தகத்தைப் பார்ப்பவர். படித்த டொக்டர் இல்லை, ஆனாலும் தோட்டம் முழுவதற்கும் அவர் 'டொக்டரய்யா'. அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம். ஒரு காலையில் நானும் அவரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடியே கேட்டார்.

"என்ன சார், ராத்திரி பூரா லொறி ஏத்தம் ஏறிக்கிட்டே இருந்துச்சு?"

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமாங்க அக்கா, சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றார்.

எனக்கு அக்காவின் முன்னால் வெட்கமாகிவிட்டது. அந்தக் குறட்டையை நான் கேட்டதே இல்லை. படுத்தால் எனக்கு உலகம் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறார், ஆளே ஒத்துக்கொள்கிறார், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அதோடு எனக்கு வேறு அத்தாட்சிகளும் இருந்தன. தினமும் காலையில் தலை கனத்துப்போய் எழுந்தேன். நாக்கு காய்ந்து அட்டை மாதிரி இருந்தது. இன்டர்வெல் முடிந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால், ஆறாம் வாய்ப்பாட்டைத் தாண்டி நான் விழித்திருந்ததில்லை. ஒருநாள் பெரிய சேர், எங்கள் தலைமையாசிரியர், வந்து வகுப்பு வாசலில் நின்றிருக்கிறார். பிள்ளைகள் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொல்லியும் நான் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்திருக்கிறேன். பிறகு அவர் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது, "வீட்டுல தூக்கமே இல்லைங்க சேர். அவரு கொறட்டை அப்படி" என்றேன். பெரிய சேர் நல்ல மனிதர். மிகவும் வருத்தப்பட்டார்.

அதன்பின் தோட்டமே எனக்கு வைத்தியம் சொல்லித் தந்தது. சொன்னதையெல்லாம் அவருக்குச் செய்தேன். படுக்கும் முன் மூக்கில் நல்லெண்ணெய் விட்டேன். தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தேன். மல்லாந்து படுத்தால்தானே குறட்டை வருகிறது என்று யாரோ சொல்ல, அவருடைய பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து அதற்குள் பெரிய தேசிக்காய் ஒன்றை, எலுமிச்சையைத்தான் அப்படிச் சொல்வோம், வைத்தேன். அவர் மறுபேச்சில்லாமல் எண்ணெய் விட்டுக்கொண்டார், ரசம் குடித்தார், தேசிக்காயோடு படுத்தார். காலையில் அக்கா, "இன்னைக்கு லொறி ரெண்டு போலருக்கு" என்பார்.

டொக்டரய்யாதான் கடைசியில் ஒரு வழி சொன்னார். ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவர் வந்து நோயாளிகளைப் பார்க்கிறார் என்றும், குறட்டைக்கு அவர் அண்ணத்தில் ஊசி போடுகிறார் என்றும் கேள்விப்பட்டிருந்தார். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அண்ணத்தில் ஊசி என்றதும் என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த டொக்டர் சிங்களவர். ஐம்பது வயதிருக்கும். சத்தமாகப் பேசமாட்டார். தமிழ் கொஞ்சம் தெரியும், மிச்சத்தை அங்கிருந்த நர்ஸ் சொல்வார். நர்ஸ் ஹட்டன் தமிழ்ப்பெண். என் வயதுதான் இருக்கும், எதற்கும் சிரிக்கத் தயாராக இருந்த முகம். டொக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடி வட்டத்தைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, "கட்ட அரின்ன" என்றார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். டொக்டர் நாக்கை ஒரு தகட்டால் அழுத்திப் பார்த்தார். வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் சிங்களத்தில் என்னமோ சொல்ல, நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"சாரோட தொண்டை சிங்கமலைச் சுரங்கம் மாதிரி இருக்காம் டீச்சர். ரயிலே போகலாமாம். இதுல எப்படிக் கொறட்டை வருதுன்னு கேக்குறாரு."

வருகிறது என்று அடித்துச் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சாட்சியையும் சொன்னேன்.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். வாயின் மேல்பகுதியில் முன்னால் இருப்பது எலும்பு, பின்னால் இருப்பது மெத்தென்ற சதை. தூக்கத்தில் அந்தச் சதை தளர்ந்து, மூச்சு போகும்போதெல்லாம் கொடியில் போட்ட துணி மாதிரி படபடக்கிறது. அதுதான் சத்தம். காலில் நரம்பு சுருண்டு வீங்கினால் அதை இறுக்கப் போடும் மருந்து ஒன்று இருக்கிறது. அதையே கொஞ்சமாக அண்ணத்துச் சதையில் ஏற்றினால், உள்ளே புண்ணாகி ஆறும். ஆறும்போது தழும்பு இறுகி, சதை விறைத்துக்கொள்ளும். படபடப்பு குறையும். எல்லா டொக்டர்களும் இதைச் செய்வதில்லை, தானும் சிலருக்குத்தான் செய்திருக்கிறார், சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை என்று மறைக்காமல் சொன்னார். தூக்கத்தில் மூச்சே நின்று நின்று வருகிறவர்களுக்கு, அது கொஞ்சமாக இருந்தால்தான் இந்த ஊசி உதவுமாம். அதிகமாக இருந்தால் கொழும்புக்குத்தான் போகவேண்டும். அதனால் டொக்டர் அந்தக் குறட்டையைத் தன் காதால் கேட்கவேண்டும். அடுத்த மாதம் வரும்போது கேசட்டில் பதிந்து கொண்டுவரச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். பிறகு, "ஊசி போட்டே ஆகணுமா டீச்சர்?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்பே பழகிப்போய் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். உங்களுக்காக இல்லாவிட்டாலும் எனக்காகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

கேசட் ரெக்கார்டர் அப்போதுதான் மலைக்கு ஒன்றிரண்டு வர ஆரம்பித்திருந்தது. அக்காவின் தம்பி குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். அவரிடம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு மட்டும் கேட்டு வாங்கினேன், அன்று மாலை பஸ்ஸுக்கு அவர் கிளம்ப வேண்டும். ஒரு பாட்டுக் கேசட்டையும் சேர்த்துக் கொடுத்து, அதன்மேலேயே பதியலாம் என்று பொத்தான்களைக் காட்டித் தந்தார்.

பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, அவர் கட்டிலில் சாய்ந்தார். சொன்னால் விறைப்பாகப் படுத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று அவருக்குத் தெரியாமலே செய்தேன். பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளுக்குப் பின்னால் மெஷினை வைத்து, துவாயால் மூடி, பொத்தானை அழுத்தினேன். பிறகு நானும் ஒரு ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்று பக்கத்தில் படுத்தேன்.

எழுந்தபோது மணி நாலு. கேசட் ஓடி முடிந்து நின்றிருந்தது. அவர் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் தம்பி பஸ்ஸுக்குப் புறப்பட்டு வேலியோரம் நின்றார். மெஷினைக் கொடுத்து அனுப்பினேன். கேசட் மட்டும் என்னிடம் தங்கியது. போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றுமில்லை. அதனால் என்ன, உள்ளே இருப்பதுதான் எனக்குத் தெரியுமே என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் போனபோது கூட்டமாக இருந்தது. டொக்டரின் அறைக்குக் கதவில்லை, ஒரு திரைதான். வெளியே நீள வாங்கில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் மருந்துக்கடை முதலாளியிடம் பாட்டுக் கேட்கிற ரெக்கார்டரை வாங்கி வந்து மேசையில் வைத்தார். கேசட்டைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியும். "இது எப்ப எடுத்தது?" என்று கேட்டார். குரல் சரியாக இல்லை.

முதலில் பழைய பாட்டின் வால் கொஞ்சம் வந்தது. பிறகு ஒரு கிளிக். கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வந்தது பாருங்கள், மெதுவாக ஆரம்பித்து, ஏறி, உச்சியில் ஒரு தடவை அறுந்து, திரும்பவும் கீழேயிருந்து ஏறியது. அக்கா சொன்ன லொறி பொய்யில்லை. இவ்வளவு பெரிய சத்தத்துக்குப் பக்கத்திலா எட்டு மாதம் தூங்கினேன் என்று எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. நர்ஸைப் பார்த்து, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றேன்.

அப்போது கேசட்டில் யாரோ கதவைத் தட்டினார்கள். காலடிச் சத்தம். கதவு திறந்தது. என் வீட்டுக்காரரின் குரல், மிகத் தெளிவாக, "யாரு?" என்றது.

குறட்டை நிற்கவில்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த ஆள் ஸ்டோர் சாவி கேட்டார், பெல்ட் ஒன்று அறுந்துவிட்டதாம். "மெல்லப் பேசுங்க, டீச்சர் தூங்குறாங்க" என்றது என் வீட்டுக்காரரின் குரல். சாவிகள் குலுங்கின. குறட்டை இன்னொரு ஏற்றம் ஏறியது. அந்த ஆள் தயங்கி, "உள்ள என்னமோ மெசின் ஓடுதுங்களே சார்" என்றார்.

"அது ரேடியோ. ஸ்டேசன் சரியாப் புடிக்கல" என்றார் என் வீட்டுக்காரர்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நர்ஸ் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் மனதில் பட்டது ஒன்றே ஒன்றுதான், அதை அப்படியே சொன்னேன்.

"எங்க வீட்டுல ரேடியோவே இல்லைங்களே."

வெளி வாங்கில் யாரோ முதலில் இருமினார்கள். பிறகு ஏழெட்டுப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நர்ஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேசட் மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் ஏறி ஏறி இறங்கியது. நர்ஸ் ஒருவழியாக நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், அப்ப அது யாரு?"

யாரென்று எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. விளங்கியும் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. எனக்குக் குறட்டை கிடையாது, இருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா என்று வாதாடினேன். டொக்டர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, சத்தம் அறுகிற இடங்களில் மூச்சு எத்தனை செக்கன் நிற்கிறது என்று பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். காலையில் தலை கனக்கிறதா? ஆமாம். வாய் காய்கிறதா? ஆமாம். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வருகிறதா? வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொல்லச் சொல்ல, எட்டு மாதமாக நான் அடுக்கி வைத்திருந்த அத்தாட்சியெல்லாம் ஒவ்வொன்றாக என் பக்கம் வந்து உட்கார்ந்தது.

என்னை நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்தவுடனேயே தலையை ஆட்டினார். என் அண்ணம் திரைச்சீலை மாதிரி தொங்குகிறதாம். உள்நாக்கும் நீளமாம். மூச்சு நிற்பது கொஞ்சம்தான், பயப்பட ஒன்றுமில்லை, ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்.

நான் என் வீட்டுக்காரரிடம் திரும்பினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ வந்து அஞ்சு நாள்தான் ஆயிருந்துச்சு. அக்கா கேக்கவும் உன் மொகத்தப் பாத்தேன். ஒண்ணுமே தெரியாம நின்ன. சரி, என் பேர்லயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் நீயே ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்ட. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"தேசிக்காய்?" என்றேன்.

"அது கொஞ்சம் வலிச்சுச்சு" என்றார்.

அதோடு எனக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. மூக்கில் எண்ணெயோடும் முதுகில் தேசிக்காயோடும் இந்த மனிதர் விழித்துக்கொண்டு கிடக்க, பக்கத்தில் நான் லொறி ஓட்டியிருக்கிறேன். பெரிய சேர் எனக்காக எவ்வளவு வருத்தப்பட்டார். பஸ்ஸில் முறைத்த அந்த அம்மா. நினைக்க நினைக்க வயிறு வலித்தது. டொக்டர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாயைத் திறப்பேன், தகடு நாக்கில் படும், அவர் மடியில் என் கைப்பை கண்ணில் படும், திரும்பவும் சிரிப்பு வரும். மூன்று தடவை இப்படியானது. டொக்டர் கடைசியில் என் வீட்டுக்காரரைத் திரைக்கு வெளியே போகச் சொன்னார். போகும்போது அவர் நின்று, "எனக்கே போட முடியாதுங்களா டொக்டர்?" என்று கேட்டார். எனக்கு வலிக்குமே என்ற பயத்தில் கேட்டது அது. எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் அந்த ஒரு தடவை சிரிப்பு வரவில்லை.

முதலில் தொண்டைக்குள் எதையோ தெளித்தார்கள். வாழைப்பழ வாசனை, ஆனால் கசப்பு. கொஞ்ச நேரத்தில் வாயின் பின்பாதி எனக்குச் சொந்தமில்லை என்றாகிவிட்டது. எச்சில் விழுங்கினேனா இல்லையா என்றே தெரியவில்லை. நர்ஸ் என் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். நீளமான மெல்லிய ஊசி. உள்நாக்குக்குக் கொஞ்சம் மேலே, அண்ணத்தின் நடுவில் போட்டார். குத்தியது தெரியவில்லை, ஆனால் மருந்து ஏறும்போது ஒரு எரிச்சல் காதுவரை ஓடியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நூறு எண்ணும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கண்ணாடியில் காட்டினார்கள். மெத்தென்ற சிவப்பின் நடுவில் ஒரு இடம் வெளுத்து, கொப்பளம் மாதிரி உப்பியிருந்தது. இரண்டு மூன்று நாள் வலிக்கும், கஞ்சியாகக் குடி, ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை வா என்றார்கள்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்ற கோலத்தை யாராவது பார்த்திருந்தால் குடித்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். மரத்துப்போன அண்ணத்தோடு நான் பேசினால் ஒரு சொல்லும் சொல்லாக வரவில்லை. அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார், நான் சிரித்தால் தொண்டை இழுக்கும், கையைக் காட்டி நிறுத்தச் சொல்வேன். கொட்டகலையில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் ஏறும்போது மழை பிடித்தது. குடை ஒன்றுதான். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து சிரித்து முடித்துவிட்டுத்தான் மேலே நடக்க முடிந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். லீவு போட்டிருக்கலாம். அண்ணம் வீங்கி, தொண்டைக்குப் பின்னால் ஒரு சோற்றுருண்டை ஒட்டிக்கொண்டது போலிருந்தது. இவ்வளவு நாளும் க என்ற எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அன்றைக்குத் தெரிந்தது. 'காக்கா' என்று சொன்னால் வேறு ஏதோ பறவை மாதிரி வந்தது. நாற்பது பிள்ளைகளும் டீச்சர் சொன்னபடியே, அந்தப் பறவையையே ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். புதன்கிழமை சரியாகச் சொல்லிக் கொடுத்தபோது, அது பிழை டீச்சர், திங்கட்கிழமை சொன்னதுதான் சரி என்றது முன்வாங்குப் பிள்ளை ஒன்று.

அக்காவிடம் சொல்லவேண்டாம், என் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் அப்போதும் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. தொண்டை சரியானதும் வேலியோரம் போய் நின்றேன்.

"அக்கா, கொறட்டை அவரு இல்லீங்க. நான்தான்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வேலிக்கு நெருங்கி வந்தார்.

"எங்க வீட்டுலயும் இவரு அதத்தான் சொல்றாரு டீச்சர். நான் கொறட்டை விடுறேனாம். நான் நம்பல."

பத்து வருஷமாக டொக்டரய்யா சொல்லி வருகிறாராம். ஆண்பிள்ளைகள் எல்லோரும் தங்கள் குறட்டையைப் பெண்டாட்டி தலையில் போடுவார்கள் என்றே அக்கா இருந்திருக்கிறார். என் கதை கேட்டபின் அன்று முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை. என் லொறி கொஞ்சம் அடங்கியிருந்த அந்த வாரங்களில்தான் என் வீட்டுக்காரரும் கவனித்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒன்று ஓடுகிறது, ஆனால் சின்ன வண்டி என்றார்.

ஆறு வாரம் கழித்து நாங்கள் நாலு பேராக ஹட்டனுக்குப் போனோம். அக்கா புதுச் சேலை கட்டியிருந்தார். டொக்டரய்யாவுக்குத் தாளாத சந்தோஷம். பத்து வருஷ வழக்குக்கு இன்றைக்குத் தீர்ப்பு என்று பஸ்ஸில் கொண்டக்டரிடம்கூடச் சொன்னார். என்னைப் பார்த்த டொக்டர், தழும்பு நன்றாக இறுகியிருக்கிறது என்றார். சத்தம் எப்படி என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். முக்கால்வாசி போய்விட்டது, மூச்சு நிற்பதைத் தான் கேட்கவேயில்லை என்றார் அவர். இன்னொரு ஊசி, முதலாவதற்குக் கொஞ்சம் பக்கத்தில், அளவு கொஞ்சம் குறைத்துப் போட்டார். இந்தத் தடவை சிரிக்காமல் உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு வாயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, அதனால்தான், சொட்டு மருந்து போதும் என்று ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தார். ஊசி இல்லையா என்று அக்கா இரண்டு தடவை கேட்டார். வெறும் சொட்டு மருந்தோடு வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. வழக்கில் தோற்றது ஒரு பக்கம், கிடைத்த தண்டனையும் இவ்வளவுதானா என்பது இன்னொரு பக்கம். அவருக்கு நாங்கள் மூவரும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம். தொண்டைக்கு நல்லது என்று என் பங்கை நானும் விழுங்கினேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு எனக்குக் குறட்டை அநேகமாக நின்றுவிட்டது. சளி பிடித்தால் வரும், போய்விடும். பல வருஷம் கழித்து, பிள்ளைகள் பிறந்து உடம்பு போட்டபின், கொஞ்சம் திரும்பி வந்தது. அப்போது அந்த டொக்டர் மாற்றலாகிப் போயிருந்தார், நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஆனால் ஊசிக்குப் பின் வந்த அந்த முதல் மாதங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தேன், தலையில் கனமே இல்லை. யாரோ இரவோடிரவாக என் தலையைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டது போலிருந்தது. அன்று பாடசாலைக்குப் போகும் முன் வீட்டுத் திரைகளையெல்லாம் துவைத்துப் போட்டேன். பகல் மூன்று மணி என்று ஒன்று இருப்பதும், அப்போது எங்கள் பாடசாலை மைதானத்தில் வெயில் சரிந்து மலைப்பக்கம் பச்சை வேறு நிறமாவதும் அன்றுவரை எனக்குத் தெரியாது. உட்கார முடியவில்லை. பெரிய சேரிடம் போய், பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து சொல்லிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். இன்டர்வெல்லுக்குப் பிறகு என்னை விழித்த நிலையில் பார்த்ததே அவருக்கு ஆச்சரியம். உடனே சம்மதித்தார்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து பழைய இரும்பு வளையம் இரண்டைக் கொண்டுவந்து கம்பத்தில் அடித்துக் கொடுத்தார். மாலைதோறும் பிள்ளைகளோடு நானும் ஓடினேன். அந்த வருஷக் கடைசியில் டிக்கோயாவில் ஒரு பாடசாலையோடு எங்கள் பிள்ளைகள் முதல் போட்டி ஆடினார்கள். இருபத்திரண்டுக்கு இரண்டு என்று தோற்றோம். அந்த இரண்டு பந்தும் வளையத்துக்குள் விழுந்தபோது கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்திய கத்தலில் எதிர்ப்பக்க டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். திரும்பி வருகிற பஸ் முழுக்க, ஜெயித்தவர்கள் மாதிரி, பிள்ளைகளும் நானும் பாடிக்கொண்டே வந்தோம்.